இரண்டாவது பிரேக்

என் கணவர் இன்னொரு பெண்ணோடு காரில் போவதை ஒவ்வொரு புதன்கிழமையும் சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கார் என்றால் இரண்டு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஸ்டீயரிங் என்றால் ஒரு தகர டப்பாவின் மூடி. ஓட்டுகிறவள் அவள், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவர் இவர். கால் மணி நேரத்தில் ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்குவார்கள். இறங்கும்போது அவர் முகத்தில் இருக்கிற வெளிச்சத்தை அடுத்த புதன்வரை நான் வீட்டில் தேடிக்கொண்டிருப்பேன்.

அவர் முப்பத்தோரு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். மறதி வந்து மூன்றாம் வருடம், டாக்டர்தான் இந்த வகுப்பைச் சொன்னார். நூலகத்தின் மாடியில் ஒரு நீளமான ஹால். மறதி நோய்க்காரர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் வண்ணம் தீட்டுவது, அதன்பின் நாடகம். நாடகம் என்றால் எழுதி வைத்த வசனம் எதுவும் கிடையாது. யாருக்கு எது தோன்றுகிறதோ அதைச் சொல்வார்கள், மற்றவர் அதைப் பிடித்துக்கொண்டு போவார்.

நடத்தினவளுக்கு நாற்பது வயது இருக்கும். எல்லோரும் டீச்சர் என்றார்கள். நான் மனதுக்குள் நாடகக்காரி என்றேன். இப்போதும் அப்படித்தான் எழுத வருகிறது. முதல் நாளே சொல்லிவிட்டாள்:

"இங்க ஒரே ஒரு விதிதான். எதிர்ல இருக்கிறவங்க என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லணும். சொல்லிட்டு நம்ம பங்குக்கு ஒண்ணு சேர்க்கணும். இல்லைங்கிற வார்த்தையைச் செருப்போட வெளியிலயே விட்டுட்டு வந்துருங்க."

நான் அச்சகத்தில் இருபத்தெட்டு வருடம் பிழை திருத்தினவள். இல்லை என்று சொல்வதுதான் எனக்குச் சோறு போட்டது. தவறான எழுத்தின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு, ஓரத்தில் சரியான எழுத்து. கல்யாணமான புதிதில் அவருடைய ஸ்கூல் பெயர்ப்பலகையிலேயே இரண்டு பிழை கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து வீட்டில் என் பெயரே சிவப்புப் பேனா ஆகிவிட்டது. "சிவப்புப் பேனா, காப்பி ஆச்சா?" என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அது பிடிக்கும் என்று அவரிடம் சொன்னதே இல்லை.

நோய் வந்த பிறகும் நான் பேனாவைக் கீழே வைக்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தேன். இன்று செவ்வாய். நீங்கள் ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. காரை விற்றாகிவிட்டது. உங்கள் தம்பி இறந்துவிட்டார். நான்கு வரி. தினமும் காலையில் கிழமையை மட்டும் மாற்றி எழுதுவேன். அவர் தண்ணீர் குடிக்க வந்தவர் தாளைப் படித்துவிட்டு அப்படியே நிற்பார்.

"வண்டிய வித்தாச்சா?"

"வித்து ஒன்பது வருஷமாச்சுங்க."

பிறகு, குரல் இறங்கி, "தம்பி... எப்ப?"

தினமும் அவருடைய தம்பியை ஒரு தடவை சாகடித்தேன். உண்மையைத் தெரியாமல் ஒரு மனிதர் வீட்டில் நடமாடுவது எனக்குத் திருத்தாத தாள் அச்சுக்குப் போவதுபோல இருந்தது. "என் ஸ்டூடண்ட் வெளியில நிக்கிறா, கதவைத் திற" என்பார். "யாரும் நிக்கல, நீங்க ரிட்டயர் ஆயாச்சு" என்பேன். அவர் முகம் கடை சாத்துகிற மாதிரி சாத்திக்கொள்ளும்.

நாடகக்காரி என்ன செய்தாள்? இரண்டாவது புதன், அவர் ஹாலில் அதே வாக்கியத்தைச் சொன்னார். "என் ஸ்டூடண்ட் வெளியில நிக்கிறா." அவள் கதவுக்கு வெளியே போய், தட்டிவிட்டு, உள்ளே தலையை நீட்டினாள்.

"சாரி சார், லேட்டாயிருச்சு. பஸ்ஸே வரல."

அவர் கையில் இல்லாத கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ்ஸ நம்பக் கூடாதுன்னுதானேம்மா கார் ஓட்டவே வந்திருக்கீங்க?"

ஹால் முழுக்கச் சிரித்தது. அவர் ஒரு நகைச்சுவை சொல்லி நான் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதை இவள் ஒரு கதவைத் தட்டி வாங்கிக்கொண்டுவிட்டாள். அன்றைக்குத்தான் அந்த இரண்டு நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில் போடப்பட்டன.

எனக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு மருமகள் உட்காருவாள். அவளுடைய மாமியார் அந்த ஹாலைக் கப்பல் என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகக் கடல் பார்ப்பார். மருமகளுக்கு வாய் சும்மா இருக்காது.

"அக்கா, நீங்க அந்த டீச்சரைப் பார்க்கிற பார்வைக்கு அவங்க புடவை பத்திக்கும்."

"நான் ஒண்ணும் பார்க்கல."

"சரி, பார்க்கல. என் கதையக் கேளுங்க. இருபத்திரெண்டு வருஷமா என் மாமியார் என்னைப் பார்த்துச் சிரிச்சதே இல்ல. இப்ப நான் யாருன்னே தெரியல, அதான் சிரிக்கிறாங்க. போன வாரம், 'உன்னைப் பெத்தவ கொடுத்து வச்சவ'ன்னு சொல்றாங்க அக்கா! எங்கம்மாவை அவங்க பேசாத பேச்சா?" சொல்லிவிட்டுச் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். எனக்கு அவள் மேலும் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. யார் என்று தெரியாவிட்டால் பரவாயில்லை என்று அவளால் சொல்ல முடிகிறது. என்னால் முடியவில்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவர் அந்த முகத்தோடு என்னைப் பார்த்து ஒரு தடவை பேச வேண்டும். வேறு யாராகவோ நினைத்தல்ல. என்னை நானாக நினைத்து.

மூன்றாவது புதன் நடந்ததைச் சொல்ல, அவருடைய தொழிலில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லிக்கொடுக்கிற காரில், ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். வண்டி ஓடும்போதெல்லாம் அவருடைய வலது கால் அதன் மேலேயே இருக்கும். ஒரு மாணவர் தேறிவிட்டார் என்று அவர் வாயால் புகழ மாட்டார். ஒரு நாள், ஓடுகிற வண்டியில், அந்தக் காலை எடுத்து சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு, "காலை எடுத்துட்டேன்" என்பார். அவ்வளவுதான் அவருடைய பட்டமளிப்பு. அதைக் கேட்டு அழுதவர்கள் உண்டு. பத்து வருடம் கழித்துத் தெருவில் பார்த்து, "சார், எனக்கு எட்டாவது கிளாஸ்லயே காலை எடுத்துட்டீங்களே" என்று பெருமை பேசின பெண்கள் உண்டு. அவர்கள் போகும்வரை நான் பக்கத்துக் கடை விளம்பரத்தில் பிழை தேடிக்கொண்டு நிற்பேன்.

எனக்கு அவர் காலை எடுத்ததே இல்லை. கல்யாணமாகி இரண்டாம் மாதம் ஒரு காலி மைதானத்துக்குக் கூட்டிப்போனார். பத்தடி போவதற்குள் பிரேக், இன்னும் பத்தடி, இன்னொரு பிரேக். முன்னால் ஒரு ஆடுகூட இல்லை. "காலை எடுங்க, எனக்குத் தெரியும்" என்றேன். கத்தினார். யாரிடமும் கத்தாத மனிதர், மாணவர்கள் சுவரில் மோதினால்கூட "சுவர் எங்கயும் போகாது, மெதுவா பின்னால வாங்க" என்கிற மனிதர், என்னிடம் கத்தினார். நான் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தேன். அதற்குப் பிறகு அவரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. ஊரில் பாதிப் பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரின் மனைவி வாழ்நாள் முழுக்க பஸ்ஸில் போனாள். நான் லாயக்கில்லை என்று நினைத்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது மூன்றாவது புதன். நாடகக்காரி டப்பா மூடியைத் திருப்பி ஒரு வளைவில் போனாள். இவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். பிறகு அவருடைய வலது கால் தரையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு அடியில் மடங்கியது.

"காலை எடுத்துட்டேன்" என்றார்.

அவளுக்கு அது என்னவென்று எப்படித் தெரியும்? ஆனாலும் அவர் சொன்ன விதத்தில் ஏதோ புரிந்து, "தேங்க்ஸ் சார்" என்று மெதுவாகச் சொன்னாள்.  மூன்று வாரம். டப்பா மூடியை வைத்துக்கொண்டு.

அதற்கடுத்த புதன் காலையில் அவர் தாமாகவே எழுந்து தலை வாரிக்கொண்டார். சட்டையை அயர்ன் பண்ணச் சொன்னார். ஹால் வாசலில் என் பக்கம் திரும்பி, எவ்வளவு மரியாதையாக முடியுமோ அவ்வளவு மரியாதையாக, "நீங்க வேணா இங்கயே உட்காருங்கம்மா. கிளாஸ் முடிஞ்சதும் வந்துடறேன்" என்றார்.

முப்பத்தெட்டு வருடத்தில் அவர் என்னை "நீங்க" என்றது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை நான் ஒரு காரியம் செய்ய முடிவெடுத்தேன். அடுத்த வாரம் புதன்கிழமை விடிந்ததும் ஃபிரிட்ஜ் தாளில் சிவப்புப் பேனாவால் எழுதினேன்: இன்று செவ்வாய்.

ஒரு காலண்டரில் பிப்ரவரிக்கு முப்பது நாள் போட்டு வந்த தாளைப் பிடித்து, முதலாளியிடம் கைகுலுக்கல் வாங்கினவள் நான். வேண்டுமென்று ஒரு கிழமையைத் தப்பாக எழுதினேன்.  எழுத்து அழகாகவே வந்தது.

அவர் படித்தார். "செவ்வாயா?"

"ஆமா."

"நாளைக்குத்தானே கிளாஸ்?"

"ஆமா. நாளைக்கு."

அவர் கேட்டு நான் ஆமா என்றது அந்த வருடத்திலேயே அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. மறுநாள் வியாழன் என்று எழுதினேன். நடுவில் ஒரு நாள் காணாமல் போனது அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. மருமகள் போன் பண்ணினாள். "அக்கா, என்ன ஆச்சு? டீச்சர் கேட்டுக்கிட்டே இருக்காங்க." காய்ச்சல் என்றேன். யாருக்கு என்று கேட்டதற்கு, "ரெண்டு பேருக்கும்" என்றேன்.

அவர் தலை வாரிக்கொள்வதை நிறுத்திவிட்டார். பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து கீழே ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்ப்பார்.  சாப்பாடு பாதித் தட்டில் நின்றது. இப்போது அவர் எனக்கே எனக்கு. வகுப்பு இல்லை, நாடகக்காரி இல்லை, "சார்" என்று கூப்பிட ஒருத்தியும் இல்லை. ஜெயித்துவிட்டேன், வீட்டில் ஜெயித்ததைச் சொல்ல ஆளில்லை.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலையில், அவர் தாளின் முன் நின்று படித்தார். உண்மையாகவே செவ்வாய்தான். உண்மையைத்தான் எழுதியிருந்தேன். அவர் விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"தினமும் செவ்வாயாவே இருக்கு."

குறை சொல்லவில்லை. வானிலை சொல்கிற மாதிரிச் சொன்னார். நான் அந்தத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். நான்கு வரியும் போயிற்று. அன்றிலிருந்து அவருடைய தம்பி வெளியூரில் சௌக்கியமாக இருந்தார். மறுநாள் சட்டையை நானே அயர்ன் பண்ணினேன்.

ஹாலுக்குள் நுழைந்ததும் நாடகக்காரி ஓடி வந்தாள். "காய்ச்சல் தேவலையாம்மா?" என்று என் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது. பொய் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அவள் விதிதான் தெரியுமே, எதைச் சொன்னாலும் ஆமா.

நாற்காலிகள் போட்டாயிற்று. அவர் தன் இடத்தில் உட்கார்ந்தார். நாடகக்காரி டப்பா மூடியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரப் போனாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க எதுக்கும்மா? உங்களுக்குத்தான் காலை எடுத்தாச்சே. லைசன்ஸ் வாங்கிட்டு வண்டி ஓட்டுங்க. காசை வீணாக்காதீங்க."

அவள் மூடியோடு நின்றாள். வாய் திறந்திருந்தது. ஒரே ஒரு கணம், விதியை உண்டாக்கினவளுக்கே அடுத்த வரி கிடைக்கவில்லை. சின்னப் பிள்ளைகளின் விளையாட்டிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட முகம். நான் நல்லவள் என்று இங்கே எழுத முடியாது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

"ஆமா சார்," என்றாள் பிறகு. "அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"சந்தோஷம். அடுத்தது யாரு?" அவர் சுவரோர வரிசையைப் பார்த்தார். பார்வை மருமகளைத் தாண்டி என்மேல் நின்றது. "நீங்களா? ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்கீங்க போல. வாங்க."

மருமகள் என் விலாவில் இடித்தாள். "போங்க அக்கா. புது அட்மிஷன்."

போனேன். நாடகக்காரி மூடியை என் கையில் கொடுத்தாள். உட்கார்ந்தேன். அவ்வளவு பக்கத்தில் அவர் ஷேவிங் சோப்பு வாசனை அடித்தது. காலையில் நான்தான் ஷேவ் பண்ணிவிட்டிருந்தேன்.

"முன்னாடி ஓட்டியிருக்கீங்களா?"

இல்லை என்று வாய்வரை வந்தது. "ஆமா சார். ஒரே ஒரு நாள்."

"ஏன் விட்டுட்டீங்க?"

"சொல்லிக்கொடுத்தவர் கத்திட்டாரு."

"யாரு அவன்?" அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "கத்தினா எவளுக்கு வண்டி ஓட்ட வரும்? எந்த ஸ்கூல்?"

பின்னால் மருமகள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொள்வது தெரிந்தது.

"சின்ன ஸ்கூல்தான் சார். போர்டுல ரெண்டு தப்பு இருக்கும்."

"அப்பவே தெரிஞ்சிருக்கணும். சரி, பயப்படாதீங்க. கண்ணாடியப் பாருங்க. மெதுவா எடுங்க... அப்படித்தான்."

எடுத்தேன். முப்பத்தெட்டு வருடமாக மற்றவர்களிடம் அவர் பேசிக் கேட்டுப் பொறாமைப்பட்ட அந்தக் குரல், இப்போது என் தோள் பக்கத்தில். இடது பக்கம் ஒதுங்குங்க. நல்லா இருக்கு. அவசரமே இல்ல. நான் ஒரு பாலம் சேர்த்தேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கக் காத்திருந்தேன். அவர் தன் பங்குக்கு நடுரோட்டில் ஒரு மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். மாட்டுக்கு ஹார்ன் அடிக்க வேண்டாம், அதற்கு டிரைவிங் ஸ்கூல் பிடிக்காது என்றார்.

கொஞ்ச தூரம் போனபின் அவராகவே சொன்னார்.

"நானும் ஒருத்திகிட்ட கத்தியிருக்கேம்மா. பொய் சொல்லக் கூடாது."

"யாருகிட்ட சார்?"

"வீட்டுல. எங்க சிவப்புப் பேனாகிட்ட."

டப்பா மூடி என் கையில் நின்றுவிட்டது.

"ரோட்டைப் பாருங்க" என்றார். பார்த்தேன். "மத்தவங்க உட்கார்ந்தா எனக்கு வண்டிதான் தெரியும். அவ உட்கார்ந்தா, எதிர்ல வர்ற ஒவ்வொரு லாரியும் அவ மேலதான் வருதுன்னு தோணும். காலி மைதானம்மா. லாரியே இல்ல. ஆனா வருது. கால் தானா பிரேக்குல போயிரும். அவ என்னடான்னா, காலை எடு காலை எடுங்கிறா. எப்படி எடுக்கிறது?"

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா திருத்துவா."

எனக்கு அந்தப் பெண்மேல் பொறாமையாக இருந்தது. சிரிக்க வேண்டாம், நிஜமாகவே இருந்தது. இவர் இப்படிக் குரல் தழைந்து பேசுகிற அந்த வீட்டுக்காரி யார், எங்கே இருக்கிறாள், இதைக் கேட்க அவளுக்கு என்ன தகுதி என்று ஆத்திரம் வந்தது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அழகா இருப்பாங்களா சார்?"

"அதெல்லாம் ஸ்டூடண்ட்கிட்ட பேசறதில்லம்மா" என்றார் கண்டிப்பாக. பிறகு அவராகவே, "அஞ்சு மணிக்குள்ள வீட்டுக்குப் போகணும். காத்துக்கிட்டு இருப்பா. சொல்ல மாட்டா, ஆனா இருப்பா."

நான்தான் அவள். இரண்டே வார்த்தை. நாக்கின் நுனியில் நின்றன. என்னங்க, இங்கே பாருங்க, நான்தான் அது என்று அவர் முகத்தைத் திருப்பினால் போதும். ஒருவேளை தெரிந்திருக்கலாம். நான் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒன்று கிடைத்திருக்கலாம். அல்லது கடை சாத்துகிற அந்த முகம். இருபத்தெட்டு வருடம் திருத்தின கைக்குத் தெரியும், ஒரு கோடு போட்டால் போட்டதுதான்.

"ஆமா சார்," என்றேன். "இருப்பாங்க. அந்தா சிக்னல் விழுந்துருச்சு, நிறுத்தறேன்."

"கவனிச்சீங்களே. நல்லது."

நிறுத்தினேன். ஏதோ தோன்றி அப்போதுதான் கீழே பார்த்தேன். நாடகக்காரியோடு போகும்போது காலைச் சும்மா தரையில் வைத்துக்கொண்டு வந்தவர், மூன்றாவது வாரமே காலை மடக்கிக்கொண்டவர். இப்போது அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. விரல்கள் வெளுக்கும் அளவுக்கு.  முகம் மட்டும் ஒரு புது மாணவியோடு பேசுகிற நிதானத்தில் இருந்தது. காலுக்கு அதெல்லாம் தெரியவில்லை. நான் கிளம்பினதிலிருந்து அது அப்படியே இருந்திருக்க வேண்டும்.

பச்சை விழுந்ததும் மெதுவாக எடுத்தேன். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக.

அதன்பின் பதினொரு புதன்கிழமைகள் கிடைத்தன. நான் தேறவே இல்லை. ஒவ்வொரு வாரமும் புது அட்மிஷன். நாடகக்காரி சுவரோரம் என் இடத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். பிறகு அவருக்கு நிமோனியா வந்தது, ஆஸ்பத்திரி, ஒன்பது நாள். கடைசி நாட்களில் கண் திறக்கவில்லை. போர்வைக்கு அடியில் அந்தக் காலை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

துக்கம் விசாரிக்க நாடகக்காரி வந்தாள். கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தாள். அழுகிறாள் என்பதே எனக்குப் பிடிக்கவில்லை. அழ எனக்கு முன்னால் இன்னொருத்தி வரிசையில் நிற்கிற மாதிரி.

"சார் மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததில்லம்மா" என்றாள். "மூணாவது கிளாஸ்லயே எனக்குக் காலை எடுத்துட்டாரு. அது எவ்வளவு பெரிய விஷயம்னு அப்புறம்தான் நீங்க சொல்லித் தெரிஞ்சுது. வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டேன்."

அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"ஆமா," என்றேன். "எனக்குக் கடைசி வரைக்கும் எடுக்கவே இல்ல."